கிரகணமா? கர்மமா? விஷமா?

(அஞ்சுகிராமத்தில் கூடிய ஒரு கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று என்னைப் பேச அழைத்த தோழர்கள் "விஞ்ஞானத்தைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள்" என்று மாத்திரம் சொல்லி, மற்றதை என் இஷ்டத்துக்கு விட்டுவிட்டார்கள். விஞ்ஞானம் என்றால் ஆகாயத்தில் ராக்கெட்டு விடுவதுதான் என்று நம்மில் பலர் நினைத்துக் கொண்டிருக்கிறோம். நான் அவ்வளவு தூரம் போகப் போவதில்லை. இங்கே ஒரு பக்கமாய் உட்கார்ந்திருக்கிற தாய்மார்களின் வயிற்றில் வளருகிற பிள்ளையைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அந்தப் பிள்ளை ஊனமாய்ப் பிறந்தால் யாரைக் குற்றம் சொல்லுவது என்பதே இன்றைய விஷயம்.

2010-ம் வருஷம் ஜனவரி மாதம் 15-ந் தேதி நம் கன்னியாகுமரிக் கரையிலேயே கங்கண சூரிய கிரகணம் தெரிந்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். வெளியூர்களிலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் கருவிகளோடு தென்கோடிக்கு வந்து சூரியனைப் பார்த்தார்கள். அதே நேரத்தில் நாம் என்ன செய்தோம்? பிள்ளைத்தாய்ச்சிகளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினோம். காய் நறுக்காதே, ஊசி எடுக்காதே, வெளியில் தலை காட்டாதே, மீறினால் பிள்ளை உதடு பிளந்து பிறக்கும் என்று பயமுறுத்தினோம்.

தோழர்களே! உதடு பிளந்த பிள்ளைகள் உலகம் முழுவதும் பிறக்கின்றன. சுமார் 700 பிள்ளைகளுக்கு ஒன்று என்று கணக்குச் சொல்லுகிறார்கள். கிரகணம் வந்த வருஷத்திலும் பிறக்கின்றன, வராத வருஷத்திலும் பிறக்கின்றன. கிரகணத்தை ஒரு வேடிக்கையாகப் பார்க்கிற தேசத்திலும் பிறக்கின்றன. இன்னொன்றும் கேளுங்கள். வயிற்றுப் பிள்ளைக்கு மேல் உதடு கூடி வருவது கர்ப்பத்தின் நாலாவது வாரத்தில் தொடங்கி ஏழாவது வாரத்துக்குள் முடிந்து விடுகிறது. அப்படியிருக்க ஐந்து மாதக் கர்ப்பிணியைக் கிரகணத்துக்குப் பயந்து அறையில் அடைப்பது எதைப்போல? அறுத்துக் களத்துக்கு வந்துவிட்ட நெல்லுக்காக வெறும் வயல் வரப்பில் நின்று காவல் காப்பதைப் போல! உண்மையில் காவல் வேண்டியது அந்த முதல் சில வாரங்களுக்குத்தான். அப்போது பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்பதே நிச்சயமாய்த் தெரியாது.

கிரகணமாவது எப்போதோ வருவது. தினந்தோறும் நம் வாயில் இருப்பது "கர்மம்" என்ற வார்த்தை. ஒரு பிள்ளை கை கால் வளைந்து பிறந்துவிட்டால், பார்க்க வருகிறவர்கள் "என்ன பாவம் செய்தாளோ!" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். பத்து மாதம் சுமந்து, பெற்று, அந்தப் பிள்ளையை இரவும் பகலும் தூக்கிக் கொண்டிருக்கிற தாயின் தலையிலேயே பழியையும் ஏற்றுகிறார்கள். தகப்பனை யாரும் கேட்பதில்லை. தோட்டத்தில் வாழை இலை சுருண்டால் நாம் விதி என்று சும்மா இருக்கிறோமா? வேரைத் தோண்டிப் பார்க்கிறோம், தண்ணீரைப் பார்க்கிறோம், பக்கத்துத் தோட்டக்காரனை விசாரிக்கிறோம். வாழைக்குச் செய்கிற விசாரணையைப் பிள்ளைக்குச் செய்ய மாட்டோம் என்றால் நம்முடைய புத்தியை என்னவென்று சொல்லுவது? கர்மம் என்ற வார்த்தை எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லுவதில்லை. கேள்வியை நிறுத்துவதுதான் அதன் வேலை.

நிற்க, அந்தக் கேள்வியை நிறுத்தாமல் கேட்டவர்கள் உலகத்தில் இருந்திருக்கிறார்கள். விஷம் வயிற்றுப் பிள்ளையை என்ன செய்கிறது, பிள்ளை பெறும் சக்தியை என்ன செய்கிறது என்று ஆராய்வதற்கென்றே விஞ்ஞானத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. அந்த வேலைக்கு வழி காட்டியவர்களில் ஒரு ஸ்திரீயின் வரலாற்றை முதலில் சொல்லுகிறேன். அவர் பெயர் பிரான்சிஸ் ஓல்டாம் கெல்சி.

அவர் 1914-ல் கானடா தேசத்தில் பிறந்தவர். மெக்கில் சர்வகலாசாலையில் படித்துவிட்டு, மருந்தியல் ஆராய்ச்சி செய்ய அமெரிக்காவில் சிக்காகோ சர்வகலாசாலைக்கு எழுதினார். அங்கிருந்த புரொபசர் கெய்லிங் உடனே வேலை கொடுத்துப் பதில் போட்டார். ஆனால் கடிதத்தில் "மிஸ்டர் ஓல்டாம்" என்று இருந்தது. பெயரைப் பார்த்து ஆண் என்று நினைத்துவிட்டார்! "நான் பெண் என்று தெரிவித்துவிட வேண்டாமா?" என்று இவர் தம் பழைய ஆசிரியரைக் கேட்க, அவர், "வேலையை ஒப்புக்கொள், கையெழுத்துக்குப் பக்கத்தில் அடைப்புக்குறியில் மிஸ் என்று போட்டுவிடு" என்றாராம். அப்படியே செய்தார், வேலையும் கிடைத்தது. பெண் என்று முதலிலேயே தெரிந்திருந்தால் அந்தக் கடிதம் வந்திருக்குமா என்று பிற்காலத்தில் அவரே சந்தேகப்பட்டிருக்கிறார். பெண்களுக்குப் படிப்பு எதற்கு என்று இன்னும் கேட்கிறவர்கள் இந்த வரலாற்றை முழுதும் கேட்டுவிட்டுப் பிறகு பேசட்டும்.

அவர் போய்ச் சேர்ந்த அடுத்த வருஷமே, 1937-ல், அமெரிக்காவில் ஒரு கம்பெனி சல்பா மருந்தை இனிப்புத் திரவத்தில் கரைத்து விற்றது. கரைப்பதற்கு உபயோகித்தது டையெத்திலீன் கிளைகால் என்ற சரக்கு. அது விஷம். நூறுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள், அவர்களில் பலர் குழந்தைகள். விற்பதற்கு முன் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற சட்டமே அன்று இல்லை. எதனால் செத்தார்கள் என்று கண்டுபிடித்த வேலையில் இந்தப் பெண்ணும் சேர்ந்திருந்தார். அதன் பலனாக 1938-ல் அங்கே சட்டம் வந்தது. (இதை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் நம் காஞ்சிபுரத்துக்கு வருவேன்.)

பிறகு யுத்த காலத்தில் மலேரியா மருந்துகளை ஆராய்ந்தார்கள். கொயினாவை முயலுக்குக் கொடுத்தால் வளர்ந்த முயலின் ஈரல் அதைச் சீக்கிரம் முறித்துவிடுகிறது, வயிற்றிலிருக்கும் குட்டியின் ஈரலுக்கு அந்தச் சக்தி இல்லை என்று கண்டார்கள். இது சின்னச் சங்கதி போல் தோன்றும். தாயின் வயிறு ஒரு கோட்டை, அதற்குள் எதுவும் புகாது என்று அக்காலத்தில் படித்தவர்களே நம்பியிருந்தார்கள். கோட்டைக்கு வாசல் உண்டு, தாய்க்கு ஒத்துக்கொள்ளும் சரக்கு பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்ற எண்ணம் அந்த முயல்களிடமிருந்து அவருக்கு வந்தது. கல்யாணம் ஆகி, இரண்டு பெண் குழந்தைகளும் பெற்று, அதற்கிடையே வைத்தியப் படிப்பையும் படித்து 1950-ல் டாக்டர் பட்டம் வாங்கினார்.

1960 ஆகஸ்டில் அமெரிக்க சர்க்காரின் மருந்து இலாகாவில் சேர்ந்தார். அடுத்த மாதமே அவர் மேஜைக்கு ஒரு விண்ணப்பம் வந்தது. தூக்கத்துக்கும், மசக்கை வாந்திக்கும் உலகமெங்கும் கொடுத்து வந்த தாலிடோமைடு என்ற மருந்தை அமெரிக்காவில் விற்க ஒரு பெரிய கம்பெனி அனுமதி கேட்டது. 1957-லிருந்து ஜெர்மனியில் சீட்டில்லாமலே விற்ற மருந்து. புதிதாய் வந்த அம்மாளுக்கு எளிதான வேலையாக இருக்கட்டும் என்றுதான் அதை அவரிடம் கொடுத்தார்களாம்!

அக்காலச் சட்டப்படி 60 நாளைக்குள் ஆட்சேபணை சொல்லாவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே ஆகிவிடும். அவர் 60 நாளைக்குள், "நீங்கள் காட்டிய ருசு போதாது" என்று எழுதித் திருப்பினார். கம்பெனி மறுபடி அனுப்பியது. மறுபடியும் திருப்பினார். 1960 டிசம்பரில் இங்கிலாந்து வைத்தியப் பத்திரிகையில், இம்மருந்தைச் சாப்பிட்டவர்களுக்குக் கை கால் மரத்துப் போகிறது என்று ஒரு டாக்டர் எழுதிய கடிதம் வந்தது. அதைப் படித்ததும் அவர் கேட்டார்: "பெரியவர்களின் நரம்பையே கெடுக்கிற மருந்து, அதைச் சாப்பிடும் கர்ப்பிணியின் வயிற்றுப் பிள்ளையை ஒன்றும் செய்யாது என்பதற்கு என்ன அத்தாட்சி?" கம்பெனியிடம் பதில் இல்லை. ஆனால் ஆட்கள் இருந்தார்கள். சுமார் ஐம்பது தடவை நேரிலும் டெலிபோனிலும் வந்து நெருக்கினார்கள். மேலதிகாரிகளிடம் கோள் சொன்னார்கள். அந்த அம்மாள் அசையவில்லை.

1961 நவம்பரில் ஜெர்மனியில் விடுகிண்ட் லென்ஸ் என்ற குழந்தை வைத்தியர் உண்மையை உடைத்தார். கையில்லாமலும், தோளிலிருந்தே விரல் முளைத்தாற்போலும் பிறந்த பிள்ளைகளின் தாய்மார்களை அவர் வீடு வீடாய்ப் போய் விசாரித்திருந்தார். கருத்தரித்து 20-ம் நாளிலிருந்து 36-ம் நாளுக்குள் அந்த மருந்தைச் சாப்பிட்டவர்களுக்கே இந்த ஆபத்து நேர்ந்தது என்று பிறகு திட்டமாய்த் தெரிந்தது. நான் முன்னே சொன்ன அந்தச் சில வாரங்கள்தான்! 46 தேசங்களில் 10,000-க்கு மேற்பட்ட பிள்ளைகள் இப்படிப் பிறந்தன. பல பிள்ளைகள் சீக்கிரத்திலேயே மாண்டன. அமெரிக்காவிலோ, கம்பெனி டாக்டர்கள் மூலம் பரீட்சைக்கென்று இனாமாய்க் கொடுத்த மாத்திரைகளால் கேடடைந்த பிள்ளைகள் 17 பேர் என்று கணக்கானது. மற்றப் பிள்ளைகளைக் காப்பாற்றியது எந்த ஹோமம்? எந்தப் பரிகாரம்? "அத்தாட்சி எங்கே?" என்ற ஒரு கேள்வியல்லவா? 1962-ல் அந்தத் தேசத்தின் ஜனாதிபதி கென்னடி அவருக்குப் பதக்கம் கொடுத்தார், மருந்துச் சட்டமும் கடுமையாக்கப்பட்டது. அவர் 90 வயது வரையில் உத்தியோகம் பார்த்து 2005-ல் ஓய்வு பெற்று, 101 வயது வாழ்ந்து 2015-ல் இறந்தார்.

இதெல்லாம் வெள்ளைக்காரர் தேசத்துச் சங்கதி என்று தள்ளிவிடாதீர்கள். நம்முடைய இதே மேலைக்கடற்கரையோரமாக வடக்கே போனால் கேரளத்தின் வடகோடியில் காசர்கோடு ஜில்லா இருக்கிறது. நாம் அண்டி என்கிறோமே, அந்த முந்திரிதான் அங்கே விஷயம். நம் ஜில்லாவின் மேற்குத் தாலுகாக்களில் அண்டி ஆபீசுகளில் நம் பெண்கள் கை கறுக்கக் கறுக்கத் தொலி உரிக்கிறார்கள். காசர்கோட்டு மலைச்சரிவுகளிலே ஆயிரக்கணக்கான ஏக்கரில் ஒரு சர்க்கார் கார்ப்பரேஷனின் முந்திரித் தோட்டங்கள் இருந்தன. தேயிலைக் கொசு என்ற பூச்சியைக் கொல்ல அங்கே இருபது வருஷத்துக்கு மேலாக, 2000-ம் வருஷம் வரையில், எண்டோசல்பான் என்ற விஷத்தை ஹெலிகாப்டரிலிருந்து தெளித்தார்கள். அது கிணற்றிலும் ஓடையிலும் கூரையிலும் விழுந்தது.

அந்தத் தோட்டங்களின் அடிவாரத்தில் பட்ரே என்ற கிராமம். 1982-ல் அங்கே வைத்தியம் பார்க்க வந்தவர் மோகனகுமார் என்ற டாக்டர். வீட்டுக்கு வீடு ஊனமான பிள்ளைகளையும், புத்தி வளராத பிள்ளைகளையும், வலிப்பையும் கண்டார். ஊரார் என்ன சொன்னார்கள்? தெய்வக் கோபம் என்றார்கள். பூஜை போட்டார்கள், பரிகாரம் செய்தார்கள். ஹெலிகாப்டர் தலைக்குமேல் பறந்துகொண்டே இருந்தது! அந்த டாக்டர் தண்ணீரில் ஏதோ இருக்கவேண்டும் என்று முதலில் சந்தேகித்தார். நோயாளிகளைக் குறித்து வைத்தார். வைத்தியப் பத்திரிகைக்கு எழுதினார். அதே ஜில்லாவில் லீலாகுமாரி அம்மாள் என்ற விவசாய இலாகா உத்தியோகஸ்தர் 1998-ல் துணிந்து கோர்ட்டுக்குப் போய்த் தெளிப்புக்குத் தடை வாங்கினார்.

2001-ல் மனித உரிமைக் கமிஷன் கேட்டதன்பேரில், ஆமதாபாத்திலுள்ள தேசியத் தொழில் சுகாதார ஆராய்ச்சி நிலையத்தார் அங்கே வந்தார்கள். தலைமை வகித்தவர் ஹபிபுல்லா சையத் என்ற விஞ்ஞானி. அவர்கள் என்ன செய்தார்கள் என்பதைக் கவனியுங்கள், ஏனென்றால் பகுத்தறிவு என்பது இதுதான். தெளித்த கிராமத்துப் பையன்கள் 117 பேர், சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி, தெளிக்காத கிராமத்துப் பையன்கள் 90 பேர், எல்லாரும் 10 முதல் 19 வயது வரையில். இரண்டு கூட்டத்தையும் ஒரே மாதிரி சோதித்தார்கள். தெளிப்பு நின்று மாதங்கள் பல கடந்திருந்தும், தெளித்த ஊர்ப் பையன்களில் 100-க்கு 78 பேர் இரத்தத்தில் எண்டோசல்பான் இருந்தது. மற்ற ஊரில் 100-க்கு 29 பேர். தெளித்த ஊர்ப் பையன்களுக்குப் பருவம் அடைவது தாமதப்பட்டிருந்தது, ஆண்மைச் சுரப்பும் வயதுக்கேற்ற அளவில் இல்லை. இந்த ஆராய்ச்சி 2003-ல் வெளியாயிற்று.

அவர்கள் இன்னொன்றும் எழுதினார்கள். விரை இறங்காமை முதலிய பிறவிக் குறைகள் தெளித்த ஊரில் 100-க்கு 5 பேருக்கும், மற்ற ஊரில் 100-க்கு ஒருவருக்கும் இருந்தன, ஆனால் பார்த்த தொகை சிறிது, இவ்வளவைக் கொண்டு இதை மட்டும் முடிவாகச் சொல்ல முடியாது என்று தாங்களே ஒப்புக்கொண்டார்கள். தோழர்களே! எந்தப் புரோகிதராவது, எந்த ஜோசியராவது "என் கணக்கு போதாது, இதில் எனக்கு நிச்சயமில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதுண்டா? எண்டோசல்பான் குற்றவாளி அல்ல என்று சொன்ன கமிட்டிகளும் இருந்தன. அந்த ஜில்லாவின் ஒவ்வொரு நோய்க்கும் அதுவே காரணமா என்ற விவாதம் பல காலம் நடந்தது. நடக்கட்டும். விவாதம் அத்தாட்சியின் பேரில் நடக்கிறது, அசரீரியின் பேரில் அல்ல. 2011-ல் சுப்ரீம் கோர்ட்டு எண்டோசல்பானை இந்தியா முழுவதும் நிறுத்தியது. அதே வருஷம் உலக ஒப்பந்தத்திலும் அது விலக்க வேண்டிய விஷங்களின் ஜாபிதாவில் சேர்க்கப்பட்டது. 2017-ல் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலைக்கு 5 லட்சம் ரூபாயை மூன்று மாதத்தில் கொடுக்கும்படி கோர்ட்டு உத்தரவிட்டது. கொடுக்கவில்லை என்று 2022-ல் மறுபடியும் சர்க்காரைக் கண்டிக்க வேண்டியதாயிற்று. கர்மம் என்று விட்டிருந்தால் இந்த 5 லட்சத்தை யாரிடம் கேட்டிருப்பது? சித்திரகுப்தனிடமா?

இப்போது காஞ்சிபுரத்துக்கு வருகிறேன். 1937-ல் அமெரிக்காவில் பிள்ளைகளைக் கொன்ற அந்த டையெத்திலீன் கிளைகால், 1972-ல் நம் சென்னையிலேயே மருந்தில் கலந்து 14 குழந்தைகளைக் கொன்றது. 2025-ல், நம் காஞ்சிபுரம் ஜில்லாவில் செய்து மத்தியப் பிரதேசத்துக்குப் போன இருமல் மருந்தில் அதே விஷம் 100-க்கு 48 பங்குக்கு மேல் இருந்தது. இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் கெட்டு மாண்டன. இந்தச் சரக்கின் குணம் தெரிந்து 88 வருஷம் ஆன பிறகு! அறிவு புத்தகத்தில் இருந்தால் போதாது, சோதிக்க வேண்டிய அதிகாரி சோதிக்க வேண்டும், சோதிக்கச் செய்ய ஜனங்கள் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிட ருசு வேண்டாம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. பேயை ஓட்டிவிட்டு, அதன் இடத்தில் ரசாயனத்தைப் புதுப்பேயாக உட்கார்த்தி வைத்துவிடாதீர்கள். எல்லா ஊனத்துக்கும் விஷமே காரணம் என்று நான் சொல்லவில்லை. தாய்க்கு வரும் ருபெல்லா அம்மையால் பிள்ளைக்குக் கண் கெடும் என்பதை 1941-ல் ஆஸ்திரேலியாவில் கிரெக் என்ற கண் வைத்தியர் கண்டுபிடித்தார். அதற்கு இன்று தடுப்பூசி இருக்கிறது. போலிக் அமிலம் போதாமையால் முதுகெலும்பு மூடாமல் பிறப்பதுண்டு. அதற்கு மாத்திரை இருக்கிறது. மாமன் மகள், அக்காள் மகள் என்று நெருங்கிய இரத்தத்தில் கட்டுவதாலும் சில குறைகள் அதிகப்படுகின்றன. காரணம் இன்னும் அகப்படாதவையும் அநேகம். அகப்படவில்லை என்றால் இன்னும் தேட வேண்டும் என்று அர்த்தமே தவிர, தாய் பாவி என்று அர்த்தமல்ல.

ஆகையால் நாம் செய்யவேண்டியது என்ன? நாம் வயலிலும் வாழைத் தோட்டத்திலும் விஷத்தைத் தெளிக்கிறோம், ஆனால் "மருந்து அடிக்கிறோம்" என்று சொல்லுகிறோம். பேரை மாற்றினால் குணம் மாறுமா? பிள்ளைத்தாய்ச்சியையும், பிள்ளைக்குக் காத்திருக்கும் பெண்ணையும் அதைக் கலக்கவோ, அடிக்கவோ, அடித்தவன் துணியைத் துவைக்கவோ விடாதீர்கள். ஆண்களே, சையத் ஆராய்ந்தது பையன்களைத்தான் என்பதை மறவாமல் உங்களையும் காத்துக் கொள்ளுங்கள். கர்ப்பம் என்ற சந்தேகம் இருந்தாலே டாக்டரிடம் அதைச் சொல்லிவிட்டு மருந்து வாங்குங்கள். வலிப்புக்கும் சர்க்கரைக்கும் ஏற்கெனவே சாப்பிடுகிற மருந்தைப் பயந்துகொண்டு தாங்களே நிறுத்திவிடவும் வேண்டாம், கேட்டுச் செய்யுங்கள். போலிக் மாத்திரையை ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்குங்கள். ஒரு தெருவில் ஊனமான பிள்ளைகள் அடுத்தடுத்துப் பிறந்தால், படித்த வாலிபர்களே, நோட்டை எடுங்கள். என்ன மாதம், என்ன மருந்து, என்ன வேலை, எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று எழுதுங்கள். எழுதி ஆஸ்பத்திரியிலும் கலெக்டரிடமும் கொடுத்துப் பதில் கேளுங்கள். லென்ஸும், பட்ரே டாக்டரும் ஆரம்பித்தது இப்படித்தான்.

நம் பக்கத்தில் மருந்துவாழ் மலை இருக்கிறது. அனுமார் தூக்கிப்போன சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு என்று கதை சொல்லுகிறோம். அந்தத் துண்டு விழுந்து எத்தனை யுகமானாலும், ஊனமான பிள்ளையைப் பெற்ற நம் ஊர்த் தாய் ஒருத்தியின் தலையிலிருந்து பழியை அது இறக்கி வைக்கவில்லை. முயலைச் சோதித்தவர்களும், பையன்களின் இரத்தத்தைச் சோதித்தவர்களும் அதை இறக்கி வைத்தார்கள்.

கடைசியாக ஒன்று. இந்தக் கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகும்போது, உங்கள் தெருவில் அப்படி ஒரு தாய் இருந்தால், "இது உன் பாவமல்ல, அம்மா" என்று சொல்லிவிட்டுப் போங்கள். அவளிடம் அதுவரையில் யாரும் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். அதற்குப் பிறகு, "இதற்கு என்ன காரணம் என்று பார்ப்போம்" என்றும் சொல்லுங்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்லுவதுதான் மனிதத் தன்மை என்று கூறி என் பேச்சை முடித்துக் கொள்ளுகிறேன்.